ஆர்ச்டாப்புக்கு ஒரு சொட்டு சிமெண்ட்

போன வாரம் நம் பல் டாக்டர் கீழ்த்தளத்துக் கிளினிக்கிலிருந்து எதையோ உள்ளங்கையில் மூடிக்கொண்டு, பாலைக் குடித்துவிட்ட பூனை மாதிரி மாடி ஏறியதோடு விட்டிருந்தோம். மோதிரம் என்று பாதிப் பேர் ஊகித்திருப்பீர்கள். தூக்க மாத்திரை என்று மீதிப் பேர். இரண்டும் இல்லை. சிமெண்ட். பல்லுக்குப் போடும் உறையை ஒட்ட வைக்கிற சிமெண்ட், ஒரே ஒரு சொட்டு, கண்ணாடித் துண்டில் குழைத்தது.

அதைக் கொண்டுபோய் எங்கே வைத்தார் என்பதுதான் இந்த வாரத்துச் சங்கதி.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக: டாக்டருக்குப் பல் பிடுங்குவது தொழில், கிடார் சேர்ப்பது பிறவிப் பயன். மாடியில் ஓர் அறையின் நாலு சுவரிலும் கிடார்கள். எல்லாம் மற்றவர்கள் பார்த்துவிட்டுப் பேசாமல் நகர்ந்த ரகம். உள்ளே ஓடும் ஒயர் முழுக்க வெளியே தெரிகிற பிளாஸ்டிக் உடம்போடு ஒன்று. அலுமினியக் கழுத்தோடு ஒன்று. வயிற்றுக்குள்ளேயே ஸ்பீக்கரை வைத்து மூடியது ஒன்று. இரண்டு கழுத்து உள்ளது ஒன்று. யாராவது வாய் தவறி 'இது என்ன?' என்று கேட்டுவிட்டால் போதும், 'இது கிடார் வரலாற்றின் ஒரு திருப்புமுனை' என்று ஆரம்பிப்பார். ஒரே அறையில் அத்தனை திருப்புமுனைகள்; வரலாற்றுக்கே தலைசுற்றல் வந்திருக்கும்.

ஆகவே வீட்டில் அவருக்குக் 'கலெக்டர்' என்று பெயர். மாவட்டம் கிடையாது, ஜீப் கிடையாது, மனுவோடு வருகிற கூட்டமும் கிடையாது. தொண்டையைச் செருமுவது மட்டும் உண்டு.

பெயர் வைத்தது மனைவி. விமான நிலையக் கோபுரத்தில் உட்கார்ந்து, எந்த விமானம் எப்போது இறங்கலாம் என்று சொல்கிற உத்தியோகம் அவருக்கு. கிடார்களுக்கும் பெயர் வைத்தவர் அவர்தான்: எக்ஸ்ரே, குழாய், ரேடியோ, ரெட்டைப்பிறவி. தலைப்பக்கமே இல்லாமல், துடைப்பக் கட்டை அகலத்தில், முறுக்காணிகள் எல்லாம் வால்பக்கம் இருக்கிற ஒரு மின்சாரக் கிடார் உண்டு. கலெக்டரின் செல்லம் அது. அதற்கு மனைவி வைத்த பெயர் 'முண்டம்'.

அந்த முண்டம் இப்போது வீட்டில் இல்லை. ஒரு வாரமாக அது மாஸ்டர் அம்மாவிடம் இருக்கிறது.

மாஸ்டர் அம்மா ஹோட்டல்களில் விருந்துகளுக்கு வாசிக்கிற ஒரு பேண்டின் தலைவி. கடைவாய்ப் பல் வலி என்று கிளினிக்குக்கு வந்தவரிடம், பஞ்சை வாயில் வைத்துக்கொண்டு பதில் சொல்ல முடியாத நேரமாகப் பார்த்து, கலெக்டர் தன் சேகரிப்பைப் பற்றி விளக்கியிருக்கிறார். பஞ்சை எடுத்த பிறகுதான் அந்தம்மாவிடம் ஓர் ஆர்ச்டாப் இருப்பது தெரிந்தது. முன்பக்கத்தை வயலின் போல மேடாகச் செதுக்கி, இரண்டு பக்கமும் வளைந்த துளைகள் வைத்த பெரிய கிடார், கையால் செய்த பழையது, தேன் நிறம். கலெக்டருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

மாஸ்டர் அம்மாவுக்கோ தோள்பட்டையில் ஆப்பரேஷன் ஆகியிருந்தது. ஆர்ச்டாப்பின் அத்தனை பெரிய வயிற்றின் மேல் கையைப் போட்டு வாசிக்க முடியவில்லை. சின்னதாக, லேசாக ஏதாவது வேண்டும். எனவே பேச்சு இப்படி முடிந்தது: ஒரு வாரம் ஒருவர் கிடாரை மற்றவர் வைத்திருப்பது. இருவருக்கும் பிடித்தால் மாற்றிக்கொள்வது.

அந்த வாரம் இன்றைக்கு முடிகிறது.

காலையில் கலெக்டர் ஆர்ச்டாப்பை மடியில் போட்டு, கண்ணாடி துடைக்கிற மெல்லிய துணியால் ஒத்தி எடுத்துக்கொண்டிருந்தார். மனைவி வேலைக்குக் கிளம்பித் தயாராக வாசலில் நின்றார்.

"என்னங்க, அந்தம்மா எப்ப வர்றாங்க?"

"சாயங்காலம். இந்த ஆர்ச்டாப் என் சேகரிப்பில் இடம்பெறுமா, இல்லையான்னு இன்னிக்கு முடிவாயிடும்." வீட்டிலும் அவர் இப்படித்தான் பேசுவார். எதுவும் வராது, போகாது, இடம்பெறும்.

"முண்டம் போயிடும்தானே?"

"அதை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிடாதேன்னு எத்தனை வாட்டி சொல்றது?"

"எந்தப் பேர்ல போனாலும் சரி. ஒண்ணு கிளம்பினாத்தான் ஒண்ணு இறங்கணும். இந்த வீட்டுக்கு ரன்வே ஒண்ணுதான்."

"நடுச் சுவத்துல இடம் பார்த்து வெச்சிருக்கேன். மேல ஒரு சின்ன விளக்கு. வர்றவங்க கண்ணு முதல்ல அங்கதான் போகணும்."

"வர்றவங்க யாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திருக்காமல் மனைவி படியிறங்கினார்.

மகள் காபியோடு அறைக்குள் வந்தாள். காது கேளாதவர்களுக்குக் கருவி பொருத்துவது அவள் தொழில். அப்பா பல், பெண் காது, அம்மா ஆகாயம். விருந்தாளிகள் இந்தக் குடும்பத்தில் கழுத்துக்குக் கீழே எதையும் காட்டி வைத்தியம் கேட்பதில்லை.

"கொஞ்சம் குடுங்கப்பா, பார்க்கலாம்."

"கோப்பையைக் கீழ வை. மோதிரத்தைக் கழட்டு. பெல்ட்டு போட்டிருக்கியா?"

"அப்பா, கிடார்தானே கேட்டேன். ஏதோ பச்சைக் குழந்தையைக் கேட்ட மாதிரி!"

"நீ பொறந்தப்பகூட உன்னை இவ்வளவு யோசிச்சுக் குடுத்ததில்ல."

மகள் வாங்கி மீட்டினாள். கழுத்தின் தலைக்கோடியில் சுகமாகத்தான் இருந்தது. கழுத்தைக் குறுக்குப் பட்டைகள் கட்டங்களாகப் பிரித்திருக்கும்; விரல்கள் கட்டம் கட்டமாகக் கிடாரின் உடம்பை நோக்கி மேலே ஏறின. நாலாவது கட்டம் தாண்டியதும் நெற்றியைச் சுருக்கினாள். பாதிக் கழுத்து வந்தபோது, கெட்டுப்போன பாலை வாயில் வைத்தவள் மாதிரி நிறுத்தினாள்.

"என்னப்பா இது? மேல போகப் போகப் புளிக்குது."

"பழைய மரம்மா. அதுக்குன்னு ஒரு குணம் இருக்கும்."

"குணமா? ஒவ்வொரு சுரமும் இறங்கிப் போய் நிக்குது." அவள் குனிந்து, கம்பிகளைத் தாங்கிக்கொண்டு நிற்கிற மரக்கட்டையை விரலால் லேசாகத் தள்ளினாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். "இந்தக் கட்டை ஏன் நகரவே மாட்டேங்குது?"

கலெக்டரின் முகத்தில் பெருந்தன்மை பரவியது. "நகராதும்மா. ஒட்டிட்டேன்."

"என்னது!"

"எல்லாக் கம்பியையும் கழட்டிப் பாலிஷ் போட்டேன். கட்டை தனியாக் கையோட வந்துடுச்சு. ஒரு துளி பசைகூட இல்ல! பாவம், அந்தம்மா இத்தனை காலம் ஆடுற கட்டையை வெச்சுக்கிட்டே சமாளிச்சிருக்காங்க. யாருக்கும் கண்ணுல படல. எனக்குப் பட்டுது. வெளிய சொல்லாம செஞ்சு முடிச்சேன்."

"அப்பா, அது ஒட்டாமத்தான் இருக்கணும்."

"யார் சொன்னா?"

"ஆர்ச்டாப்னா அப்படித்தாம்பா! கம்பி அழுத்துற அழுத்தத்துலயே அது நிக்கும். முன்ன பின்ன நகர்த்தி, சரியான இடம் பார்த்துத்தான் சுருதி சேர்ப்பாங்க. அதனாலதான் எல்லாக் கம்பியையும் ஒண்ணாக் கழட்ட மாட்டாங்க, ஒவ்வொண்ணா மாத்துவாங்க. நீங்க ஒட்டினதும் ஒட்டினீங்க, ஒரு விரல் அகலம் பின்னால தள்ளி வேற ஒட்டியிருக்கீங்க."

கலெக்டர் ஆர்ச்டாப்பைப் பார்த்தார். சுவரில் இருந்த திருப்புமுனைகள் எல்லாம் அவரைப் பார்த்தன.

ஒரு தொழிலில் ரொம்ப நாள் ஊறிவிட்டால் இப்படித்தான். ஆடுகிற எதைப் பார்த்தாலும் அவருக்கு இரண்டே யோசனைதான்: ஒட்டு, அல்லது பிடுங்கு. பிடுங்காமல் விட்டாரே, அந்த மட்டில் சந்தோஷப்பட வேண்டும்.

"எந்த சிமெண்ட்டுப்பா? கொஞ்ச நாள் கழிச்சு எடுத்துடலாமே, அதா? இல்ல, நிரந்தரமா?"

"ஒரு கலைஞருக்குச் செய்யும்போது தற்காலிகமாச் செய்ய முடியுமா?" என்றார் கலெக்டர். குரல் முதல் தடவையாகக் கொஞ்சம் இறங்கியிருந்தது. "இருக்கறதுலயே உசத்தி."

கீழே கிளினிக்கில் அப்போது ஒரே ஒரு நோயாளி. வீங்கிய கன்னத்தோடு ஒரு வக்கீல். ஊசி போட்டு, மருந்து ஏறட்டும் என்று நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் டாக்டர் காபிக்கு மேலே போயிருந்தார். இப்போது அப்பாவும் மகளும் கிடாரைத் தூக்கிக்கொண்டு திபுதிபுவென்று உள்ளே வந்தார்கள்.

"சார், கொஞ்சம் வெளிய உட்காருங்க. மருந்து நல்லா ஏறணும்."

"ஏவியாச்சு," என்றார் வக்கீல், மரத்துப்போன உதட்டோடு.

"இன்னும் ஏறணும்."

வக்கீல் எழுந்த நாற்காலியில் ஆர்ச்டாப் சாய்ந்துகொண்டது. கழுத்துக்கு ஒரு தலையணை. வார்னிஷில் தூசி விழாமல் இருக்க, நோயாளிகளின் மார்பில் கட்டுகிற நீலத் துணியை மகள் எடுத்துப் போர்த்தினாள். மேலே விளக்கு எரிந்தது. பார்க்க, கொஞ்சம் குண்டான ஒரு நோயாளி மாதிரியே இருந்தது.

ஒட்டின உறையைக் கழற்ற வேண்டுமானால் பல் டாக்டர்களிடம் ஒரு வழி இருக்கிறது. பல் கறை எடுக்கிற மெஷினின் முனை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அதிரும். சிமெண்ட்டின் ஓரத்தில் அதை வைத்துக்கொண்டே இருந்தால், அதிர்வு தாங்காமல் சிமெண்ட் உள்ளுக்குள் விரிசல் விடும். பல்லில் வைக்கும்போது சூடு ஏறாமல் இருக்கத் தண்ணீர் பீய்ச்சும். மரத்தில் தண்ணீர் படக்கூடாது. ஆகவே தண்ணீரை மூடிவிட்டு, தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும்.

மகள் கம்பிகளைத் தளர்த்தினாள். கலெக்டர் முகமூடி போட்டுக்கொண்டார். அந்த நிமிஷத்தில் அவரிடம் செருமல் இல்லை, வரலாறு இல்லை. ஒரு நல்ல டாக்டர் மட்டும் குனிந்து நின்றார். முனையை வைத்தார், எடுத்தார். வைத்தார், எடுத்தார். மகள் கட்டையை நகத்தால் தட்டி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள்.

"இன்னும் மூடின சத்தமாத்தான் இருக்கு. இடது பக்கம்."

"இப்போ?"

"கொஞ்சம் தொறந்திருக்கு. இன்னும் ஒரு தடவை."

கதவு மெல்லத் திறந்தது. முதலில் வக்கீலின் கன்னமும், பிறகு வக்கீலும் உள்ளே எட்டிப் பார்த்தார்கள். நாற்காலியில் போர்த்திப் படுத்திருந்த உருவத்தைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஆட்டவ்! எனக்கு முன்னாடி இவவா?"

"எமர்ஜென்சி சார்."

"நானும் எமவ்ஜென்சிதானே! இவவு எப்ப வந்தாவு?" என்று கிட்டே வந்தவர் போர்வைக்குள் கம்பிகளைப் பார்த்தார். வாதாடியே வாழ்ந்த மனிதர். எதிர்வாதம் ஒன்றும் தோன்றாமல் நிற்பது அவருக்கே புதிதாக இருந்திருக்க வேண்டும். மெதுவாகத் திரும்பிப் போய் வெளியே உட்கார்ந்துகொண்டார்.

'டிக்' என்று ஒரு சத்தம். கட்டை மகளின் கையோடு வந்தது.

"வந்துடுச்சுப்பா!"

வந்ததுதான். ஆனால் அது நின்ற இடத்தில், தேன் நிற வார்னிஷில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு இரண்டு வெள்ளைத் தழும்புகள். சிமெண்ட் வார்னிஷைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தது.

கலெக்டர் முகமூடியைக் கழற்றவில்லை. பிறகு இழுப்பறையைத் திறந்து, பல்லின் நிறத்துக்குத் தோதாக உறை செய்யப் பார்க்கிற மாதிரிப் பற்களின் வரிசையை எடுத்து, ஒவ்வொன்றாகத் தழும்பின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அப்பா, இதுல எதுவும் சேராது. வாழ்நாள் முழுக்கச் சுருட்டு புடிச்சவன் பல்லுகூட இந்த நிறத்துக்கு வராது."

"விளக்கைக் கொஞ்சம் மங்கலா வெச்சா?"

மகள் கட்டையை அதன் சரியான இடத்தில் நிறுத்தி, கம்பிகளை ஏற்றி, மேல் கட்டத்தையும் வெறும் கம்பியையும் மாற்றி மாற்றி மீட்டி, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். புளிப்பு போய்விட்டது. ஆனால் கட்டை முன்னால் நகர்ந்ததும், பின்னால் தழும்புகள் இரண்டும் ஊருக்கே தெரிகிற மாதிரி வெளியே நின்றன.

வக்கீல் உள்ளே அழைக்கப்பட்டார். மருந்து அபாரமாக ஏறியிருந்தது.

மாலையில் மனைவி வந்து, நடந்ததை மகளிடம் கேட்டுக்கொண்டு மாடி ஏறினார். அறையில் கலெக்டர் திரைச்சீலையை இழுத்து மூடி, ஒரு மூலையில் மட்டும் சின்ன விளக்கைப் போட்டு, விருந்தாளியின் நாற்காலியை அதற்கு எதிர் மூலையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது என்ன, போட்டோ கழுவுற இடமா?"

"ஒரு சூழல் வேணுமில்லையா? இசைக்கு."

"சொல்லிடுங்க."

"எதை?"

"என்னங்க, எங்கிட்டயேவா? எங்க வேலையில தப்பு நடந்தா அந்த நிமிஷமே சொல்லிடணும். நம்ம தப்பா, அடுத்தவங்க தப்பா, சின்னதா, பெரிசா, ஒண்ணும் கிடையாது. 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு ஒரு வார்த்தையே அங்க இல்ல."

"அது ஏரோப்ளேன். இது வார்னிஷ்."

"நமக்கு வார்னிஷ். அந்தம்மாவுக்கு?"

கலெக்டர் செருமினார். செருமல் பாதியில் நின்றுபோனது.

"சொன்னா இது கிடைக்காது," என்றார். சேகரிப்பில் இடம்பெறாது என்று சொல்லவில்லை. கிடைக்காது என்றார். மனைவிக்கே கொஞ்சம் பாவமாகப் போய்விட்டது. அதற்குள் வாசல் மணி அடித்தது.

மாஸ்டர் அம்மா முதுகில் முண்டத்தைப் பையோடு மாட்டிக்கொண்டு, வெள்ளைக் கேன்வாஸ் ஷூவில் படிகளைச் சடசடவென்று ஏறி வந்தார். வயதானவர் என்று கை கொடுக்கப் போன மகள், கையை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

"டாக்டர், உங்க கிடார் இல்ல இது, பூனைக்குட்டி! நேத்து ஹோட்டல்ல முழுசா நின்னுக்கிட்டே வாசிச்சேன். ஆப்பரேஷனுக்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. என் டிரம்ஸ்காரன் கேக்கறான், 'மாஸ்டர், பாதிக் கிடார் எங்க'ன்னு. 'போடா, வலியும் அந்தப் பாதியோட போயிடுச்சு'ன்னேன். சரி, நம்ம பெரியவர் எங்க?"

பெரியவர் மூலையிலிருந்து வந்தார். மாஸ்டர் அம்மா வாங்கி, கண்ணை மூடிக்கொண்டு வாசித்தார்.

அந்த அறையில் கிடார்கள் பல வருஷங்களாக இருந்தன. கிடார் வாசிப்பு அன்றுதான் வந்தது. மேலே ஏறினார், இறங்கினார், நடுவில் எங்கேயோ போய் ஒரு வேடிக்கை செய்துவிட்டு வந்தார். மகள் கதவில் சாய்ந்து நின்றுவிட்டாள். கலெக்டர் தன் கிடார்களைப் பார்ப்பதை மறந்து மாஸ்டர் அம்மாவின் விரல்களைப் பார்த்தார்.

"நல்லா வெச்சிருக்கீங்க டாக்டர்." கண்ணைத் திறந்து, எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார். "சுருதி சுத்தமா இருக்கு. எனக்கு உங்களது பிடிச்சிருக்கு. உங்களுக்கு இது பிடிச்சிருக்கா?"

"ரொம்ப."

"அப்பப் பேச்சே இல்ல. மாத்திக்கலாம்."

ஆக, கிடைத்துவிட்டது. அறை மங்கல். அந்தம்மா தழும்பைப் பார்க்கவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. கோபுரத்தில் உட்கார்ந்து, இறங்குகிற விமானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாரே, மனைவி அப்படி நின்றார்.

கலெக்டர் கையை நீட்டவில்லை. ஜன்னலுக்குப் போய்த் திரையைத் திறந்தார்.

"மேடம், இந்தப் பக்கம் வெளிச்சத்துல கொஞ்சம் பாருங்க. கட்டைக்குப் பின்னால."

மாஸ்டர் அம்மா பார்த்தார். விரலால் தடவினார். ஒன்று, பிறகு மற்றொன்று.

"என்ன இது?"

"நான் செஞ்சது. கட்டை ஆடுதேன்னு ஒட்டிட்டேன். ஒட்டக்கூடாதுன்னு தெரியல. இன்னிக்குக் காலையிலதான் என் பொண்ணு சொன்னா. எடுத்துட்டோம். தழும்பு நின்னுடுச்சு."

"எதை வெச்சு ஒட்டினீங்க?"

"பல்லுக்கு... ஒட்டுறது."

"என் கடைவாய்ப் பல்லுக்கு ஒட்டினீங்களே, அதேவா?"

"அதே டப்பாதான்."

மாஸ்டர் அம்மா நாக்கால் கடைவாய்ப் பல்லை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். சிரிப்பார் என்று மகள் எதிர்பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இதைத் தூக்கிக்கிட்டு நான் மழையில நடந்திருக்கேன் டாக்டர். கண்டக்டர் பஸ் மேல போடச் சொன்னான், போடாம மார்போட அணைச்சுப் புடிச்சு நின்னுக்கிட்டே போயிருக்கேன். ஒரு கீறல் விழ விட்டதில்ல." மறுபடியும் தடவினார். "அதை விடுங்க. எனக்குப் புரியாதது வேற ஒண்ணு. தப்பான இடத்துல ஒட்டி ஒரு வாரம் வாசிச்சிருக்கீங்க. மேல போகும்போது காது கூசலையா?"

பழைய மரம், அதற்கென்று ஒரு குணம் என்கிற பதில் கலெக்டரின் நாக்கு நுனிவரை வந்தது. மகள் அதைப் பார்த்தாள்.

"நான் மேல போறதில்ல மேடம்."

"இந்த வாரமா?"

"எப்பவுமே. மூணாவது கட்டத்துக்கு மேல நான் போனதே இல்ல. எந்தக் கிடார்லயும்."

மனைவிதான் முதலில் வாயைத் திறந்தார். "அப்ப அந்த ரெட்டைப்பிறவிக்கு ரெண்டு கழுத்து எதுக்குங்க?"

"அம்மா, சும்மா இரு."

"இல்ல, தெரிஞ்சுக்கறதுக்குக் கேட்டேன். கதவைச் சாத்திக்கிட்டு வாசிக்கறாரே, உள்ள என்னவோ பெரிசா நடக்குதுன்னு நெனச்சு, ஃபோன் மணிகூட அடிக்காம பார்த்துக்கிட்டிருந்தேன்."

மாஸ்டர் அம்மாவின் முகத்தில் மட்டும் வேறு மாதிரி ஒரு மாற்றம். ஊசியைத் தேடிப் போன இடத்தில், தொலைந்த வளையல் கிடைத்தது போல.

"மூணு கட்டத்துக்குள்ளயே என்ன வாசிப்பீங்க?"

"கார்ட்தான். கம்பிகளைச் சேர்த்துப் பிடிச்சு மொத்தமா அடிக்கறது. நாலஞ்சு தெரியும்."

"சலிக்காதா?"

"இல்ல," என்றார் கலெக்டர் ஆச்சரியத்தோடு. இதுவரை யாரும் கேட்டதில்லை. "அதை அப்படியே அடிச்சுக்கிட்டே இருக்கப் பிடிக்கும்."

"அடிங்க, பார்க்கலாம்." ஆர்ச்டாப்பை அவர் மடியில் வைத்தார்.

கலெக்டர் அடித்தார். ஜங்கு-சக், ஜங்கு-சக். அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் தையல் மெஷின் மாதிரி ஒரே சீராகப் போயிற்று. வேகம் கூடவில்லை, குறையவில்லை. வருஷக் கணக்காகப் பல்லின் மேல் டிரில்லை நடுங்காமல் பிடித்த மணிக்கட்டு அது. மாஸ்டர் அம்மா முண்டத்தைப் பையிலிருந்து உருவி, அந்த ஜங்கு-சக்கின் மேல் ஏறி உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார். எங்கெங்கோ போய்விட்டுத் திரும்பி வந்தபோதெல்லாம் கலெக்டர் அதே இடத்தில் இருந்தார்.

வாசித்து முடிந்ததும் மகள் கைதட்டினாள். மனைவிக்கும் தட்டத்தான் தோன்றியது. கைப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

"டாக்டர், என் பேண்டுல கார்ட் அடிக்கற இடத்துக்கு ஆளே நிக்க மாட்டேங்கறாங்க," என்றார் மாஸ்டர் அம்மா. "வர்ற பசங்க எல்லாம் ஏணி வெச்ச மாதிரி மேல ஏறிடறானுங்க. நான் திரும்பி வந்து பார்த்தா கீழ யாரும் இருக்கறதில்ல. கீழயே இருக்கற ஆளு நீங்கதான்."

கலெக்டரை இதுவரை யாரும் இப்படிப் புகழ்ந்ததில்லை. புகழ்தானா என்று உறுதியாகத் தெரியாமல் சந்தோஷப்பட்டார்.

"அப்ப ஆர்ச்டாப்?"

"எடுத்துக்குங்க. ஆனா சுவத்துல மாட்டக்கூடாது. ஒரு நாளும். அதை வெச்சு எங்களோட வாசிக்கணும். மாட்டினீங்கன்னு தெரிஞ்சுது, வந்து தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்."

"தழும்பு?"

"இருக்கட்டும். என் பல்லும் அதுவும் இப்ப ஒரே டாக்டர்கிட்ட வைத்தியம் பார்த்தவங்க."

சுவரில் மாட்டக்கூடாத ஒரு பொருளைச் சேகரிப்பில் எப்படிச் சேர்ப்பது என்று கலெக்டர் ஒரு கணம் குழம்பினார். பிறகு ஆர்ச்டாப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "சரி மேடம்," என்றார். "ஒத்திகை எப்ப?"

"ஒத்திகையா? எங்க பேண்டுல அதெல்லாம் மேடையிலதான். வர்ற சனிக்கிழமை ஒரு விருந்து இருக்கு." மாஸ்டர் அம்மா முண்டத்தை முதுகில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். கதவருகில் நின்று யோசித்தார். "உங்க ஆளுங்கதான்னு நெனைக்கறேன். பல் டாக்டர்கள் சங்கமாம். ஆண்டு விருந்து. தெரிஞ்சவங்க யாராவது வருவாங்களா?"

பதில் சொன்னது மகள்.

"எல்லாரையும் தெரியும் ஆன்ட்டி. வருஷா வருஷம் அப்பாவை மேடையேறி ஒரு பாட்டு வாசிக்கச் சொல்லிக் கெஞ்சுவாங்க. 'எனக்கேத்த பேண்டு அமையட்டும், வாசிக்கறேன்'னு சொல்லிட்டு வருவாரு."

"அமைஞ்சுடுச்சே!" என்றார் மாஸ்டர் அம்மா. கேன்வாஸ் ஷூக்கள் சடசடவென்று படியிறங்கின.

"போன வருஷம் விரல் வலின்னும் சொன்னீங்களே," என்றார் மனைவி, மிகுந்த அக்கறையோடு. "இப்ப எப்படிங்க இருக்கு?"

காலமெல்லாம் ஊரிலுள்ள எல்லோரையும் 'வாயைத் தொறங்க' என்று சொல்லியே பழகியவர், அன்று யாரும் சொல்லாமலே வாயைத் திறந்தார். சத்தம்தான் வரவில்லை. மடியிலிருந்த ஆர்ச்டாப்பில் அவர் கை மட்டும் தன்பாட்டுக்கு, மூன்றாவது கட்டத்துக்குள், ஜங்கு-சக் என்று அடிக்க ஆரம்பித்திருந்தது.